வீரமலை சேவல் பார்க்கிறார்

கோழியைக் கையில் வாங்கியதும் வீரமலை முதலில் அதன் மார்பில் ஊதுவார். இறகு இரண்டாகப் பிரிந்து அடியில் தோல் தெரியும். ஒரு கண்ணைச் சுருக்கி அதைப் பார்ப்பார். பிறகு "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" நல்லதா கெட்டதா என்பது ஜீயபுரத்தில் இத்தனை வருஷமாக யாருக்கும் விளங்கவில்லை. வீரமலைக்கும் விளங்கியதில்லை. ஆனால் கோழியைக் கொடுத்தவர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் டாக்டர் முன்னால் நிற்பது போல, வாயைத் திறக்காமல் நிற்பார். அப்படி ஒருவர் தன் முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் வீரமலை ஊதுகிறார்.

முன்பு வாழைக்காய் மண்டியில் தார் எண்ணிக்கொண்டிருந்தவர். அங்கே அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. பிறகு ஒரு செல்போன் வாங்கினார். அதில் உலகத்துக் கோழிகளெல்லாம் வந்து இறங்கின. கால் வரைக்கும் இறகு முளைத்த கோழி, பஞ்சுப் பொதி மாதிரி உருண்ட கோழி, பனி பெய்யும் தோட்டத்தில் வெள்ளைக்காரர் பக்கத்தில் பெருமையாக நிற்கும் வான்கோழி. வீரமலை மண்டி வேலையை விட்டார். மொபெட்டின் பின்னால் கம்பிக்கூண்டைக் கட்டிக்கொண்டார். 'கோழி, வான்கோழி இன ஆலோசகர்' என்று ஒரு கார்டும் அடித்துக்கொண்டார். என்ன இனம் வாங்கலாம் என்று அவரிடம் கேட்டால், கேட்டவருடைய ஊரைப் பற்றியோ, கொட்டகையைப் பற்றியோ ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். "கோழின்னா ஒரு பெர்சனாலிட்டி வேணும்ங்க. கேட்டைத் திறந்தா வர்றவன் ஒரு நிமிஷம் அசந்து நிக்கணும்" என்பார். அவர் அறிவுரையின் தலையும் வாலும் இவ்வளவுதான்.

ஜீயபுரத்தில் ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் வாழைத்தோப்பு. சித்திரை பிறந்துவிட்டால் மேலேயிருந்து வெயில் இறங்கும், கீழேயிருந்து ஈரம் ஏறும். துவைத்துப் போட்ட சட்டையே காய்வதற்கு முன்னால் புழுங்கிப்போகும். மனிதனுக்காவது வேர்க்கிறது. கோழிக்கு அதுவும் கிடையாது. அலகைத் திறந்து இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளவேண்டும். காற்றே ஈரமாக இருந்தால் அந்த இரைப்பும் பலிக்காது. அதனால்தான் உடம்பு இளைத்த, கொண்டை பெருத்த, இறகு குறைந்த கோழிகள் இந்த ஊரில் தாங்குகின்றன. இறகுக் கம்பளி போர்த்திய கோழிகள் மதியத்தில் வாழையடிச் சேற்றில் இறக்கையை விரித்துப் போட்டுக் கிடக்கும். வீரமலை அதையும் பார்த்திருக்கிறார். "ரெஸ்ட் எடுக்குது" என்பார்.

மேலப்புதூர் சகாயநாதன் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி வளர்க்க ஆசைப்பட்டு, கறுப்பு நாட்டு வான்கோழிக் குஞ்சாகப் பார்த்துத் தரச் சொன்னார். வீரமலை முகத்தைச் சுளித்தார்.

"அது கருவாடு மாதிரி இருக்கும்ங்க சார். கேக் வெட்டற அன்னைக்கு மேசையில கருவாட்டையா வைப்பீங்க?"

வந்து இறங்கியவை அகன்ற மார்புள்ள வெள்ளை வான்கோழிகள். வளர வளர மார்பு முன்னால் தள்ளியது, கால் வளைந்தது. கத்திரி வெயிலில் எழுந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும் போக முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சகாயநாதன் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"வீரமலை, நீ கொடுத்தது வான்கோழி இல்லய்யா, தலகாணி. விசிறி விட்டே என் கை போச்சு. கடைசிக் காலத்துல எங்க மாமியாருக்குக்கூட நான் இப்படி விசிறினதில்ல."

"ஷெட்ல காத்தோட்டம் பத்தலைங்க சார்."

"ஷெட்டுக்கு ஓடே போடலையேய்யா நான்!"

"அதாங்க. வெயில் நேரா எறங்கிடுச்சு."

வீரமலை தேர்ந்த இனம் ஒருநாளும் தப்பாகாது. கொட்டகை தப்பு, தீனி தப்பு, தண்ணீர் தப்பு, வளர்த்தவர் கைராசி தப்பு.

பாலக்கரை ஷரீபாவின் கதை இப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல. வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய், முதலில் பணம் நின்று, பிறகு போனும் நின்றுபோனது. மாடியில் ஷரீபா வளர்த்த கோழிகள்தான் அந்த வீட்டில் அடுப்பை எரியவைத்தன. முட்டைக்கும் குஞ்சுக்கும் தெருவில் கிராக்கி இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சேவல். தலையில் இறகு, உடம்பில் இறகு, நடுவில் கழுத்து மட்டும் சிவந்து மொட்டையாக இருக்கும். தண்ணீர்த்தொட்டியின் சிமெண்ட் கொதிக்கும் மதியத்திலும் அது பெட்டைகளை மேய்த்துக்கொண்டு மாடி முழுவதும் நடக்கும். அதன் குஞ்சுகளும் அப்படித்தான்.

ஆனால் வாங்க வருகிறவர்கள், "என்னக்கா, சீக்குக் கோழியா?" என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு ஷரீபாவுக்கே கூச்சம் வந்துவிட்டது. வீரமலையைக் கூப்பிட்டாள்.

"இதையா தங்கச்சி வச்சிருக்கீங்க?" வீரமலை அந்தச் சேவலின் மார்பில் ஊதக்கூட இல்லை.

"எங்க அத்தா வீட்டுலேர்ந்து கொண்டாந்ததுண்ணே. வெயிலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பாக்கறவங்க..."

"பாக்கறவங்க கேக்கத்தான செய்வாங்க? பாதி உரிக்கும்போதே ஓடியாந்த மாதிரி நிக்குது. இது இருக்கிற வரைக்கும் உங்க கோழிக்கு மரியாதை கிடையாது."

மறுவாரம் பிரம்மா என்ற வெளிநாட்டு இனச் சேவல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். மார்பு நிறைய இறகு. காலில் விரல் வரைக்கும் இறகு. "பைஜாமா போட்ட மாப்பிள்ளை மாதிரி இருக்குண்ணே" என்று ஷரீபா வாயைப் பொத்திச் சிரித்தாள். பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மொட்டைக் கழுத்தை வீரமலை கூண்டில் போட்டுக்கொண்டார். "இதை நான் பாத்துக்கறேன்."

நன்றாகவே பார்த்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி பொன்னுத்தாய் மிளகு அரைத்தாள்.

இங்கே வீரமலையைப் பார்த்து எத்தனை வேண்டுமானாலும் சிரிக்கலாம். ஆனால் அவரைத் தேடிப் போனவர்கள் யார்? பிள்ளையைப் படிக்கவைக்கப் பள்ளிக்கூடம் தேடும்போது, உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்காமல் கழுத்தில் டை கட்டுகிறார்களா என்று பார்த்தவர்கள்தான். அப்படிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளான நாம் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வரும் நண்பன் கண்ணில் படாமல் எதையெதை மறைக்கலாம் என்று இப்போதும் யோசிக்கிறோம். வீரமலை அந்தக் கூச்சத்தைக் கண்டுபிடித்தவர் இல்லை. அதற்குக் கடை போட்டவர்.

பங்குனி முடிவதற்குள்ளேயே மாப்பிள்ளையின் பைஜாமா மாடி ஈரத்தில் கட்டி தட்டிப் புண்ணாகிவிட்டது. தொட்டி நிழலை விட்டு அது வெளியே வரவில்லை. பெட்டைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடைக்கு வைத்த முட்டைகளில் பெரும்பாலும் கருக்கூடவில்லை. கூடிப் பொரிந்த குஞ்சுகளும் தடித்த இறகோடு வந்து மதியப் புழுக்கத்தில் சுருண்டன. கத்திரி தொடங்கி ஒரு காற்றில்லாத மதியம், சேவல் தண்ணீர்ச் சட்டிக்குள் அலகை வைத்தபடியே கிடந்தது.

வீரமலை வந்தார். செத்த சேவலைத் தூக்கி மார்பில் ஊதினார்.

"தண்ணி மாத்தினீங்களா தங்கச்சி?"

ஷரீபா தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தாள். "இன்னொரு பிரம்மா எனக்கு வேணாம்ணே. என் சேவலைக் கொடுங்க."

வீரமலைக்கு மிளகு வாசனை ஞாபகம் வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

"அது... ஒருத்தர் ஆசைப்பட்டு வாங்கிட்டுப் போயிட்டார். அதே மாதிரி ஒண்ணு கொண்டாந்து விடறேன். என் பொறுப்பு."

"சும்மா சொல்லாதீங்கண்ணே. என்கிட்ட குஞ்சு வாங்கினவங்ககிட்ட எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன், சேவலையெல்லாம் அறுத்துட்டாங்க. இந்தப் பெட்டைங்களுக்கு வயசாயிடுச்சு. இதுங்க முட்டை நிக்கறதுக்குள்ள சேவல் வந்தாத்தான் எனக்கு இந்த இனம் மிஞ்சும். இல்லேன்னா நான் பொழைக்க வழியில்ல."

"என் பிள்ளை மேல ஆணையா, தங்கச்சி" என்று வீரமலை தலையில் கைவைத்துச் சொன்னார். அவருக்குப் பிள்ளை கிடையாது. ஷரீபாவுக்கு அது தெரியாது.

அவர் தேடினார் என்று சொன்னால் பொய். தானாகவே எதிரில் வந்து நின்றது. மண்ணச்சநல்லூர்ச் சந்தையில் ஒரு கிழவர் காலடியில், கழுத்து மொட்டையாக, கொண்டை நிமிர்ந்து, அச்சாக அதே சேவல். வாங்கினார். டீக்கடையில் யாராவது பார்த்துச் சிரித்துவிடப் போகிறார்களே என்று கூண்டின்மேல் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். பாலக்கரைக்கு நாளைக்குப் போகலாம் என்று வீட்டில் அவிழ்த்துவிட்டார்.

அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை. சேவல் வீரமலையின் பெட்டைகளோடு சேர்ந்துகொண்டது. பொரிந்த குஞ்சுகளில் கழுத்து மொட்டையானவை அடுத்த கத்திரியில் வாழைத்தோப்பில் வெயிலைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. பக்கத்தில் அவருடைய ஃபேன்சி கோழிகள் வழக்கம்போல ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, அது அந்தப் பாலக்கரைப் பொண்ணோட சேவல்தான?" என்றாள் பொன்னுத்தாய்.

"அதோட சேவலைத்தான் நாம தின்னுட்டமேடி. இது வேற."

"அப்ப அதுக்குப் பதிலா வாங்கினது எது?"

"கொடுக்கத்தாண்டி போறேன். இன்னும் ஒரு ஈடு குஞ்சு எடுத்துக்கிட்டுக் கொடுத்தா என்ன, சேவல் தேய்ஞ்சா போயிடும்?"

"சேவல் தேயாது. அங்க கிடக்கிற பெட்டைதான் தேஞ்சுக்கிட்டிருக்கு" என்று பொன்னுத்தாய் முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

வீரமலை இப்போது புது கார்டு அடித்திருக்கிறார். அதில் மொட்டைக் கழுத்துச் சேவலின் படம். "நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இதை விட்டா இனமே கிடையாதுங்க. கழுத்துல இறகு இல்ல பாருங்க, சூடு அந்த வழியா எறங்கிடும். நானே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது" என்கிறார். சகாயநாதனுக்குக் கறுப்பு நாட்டு வான்கோழிக் குஞ்சுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"போன தடவை இதைத்தான கருவாடுன்னே?"

"வெயிட் இல்லாததுதாங்க சார் அதுக்கு ப்ளஸ்ஸே."

சென்ற வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து பீமராவ் என்றொருவர், தோட்டத்தில் விட நல்ல இனமாகச் சொல்லுங்கள் என்று வந்தார். வீரமலை அவரைக் குஞ்சுகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, சேவலை அழைத்து முன்னால் விட்டு, விளக்கத்தை ஆரம்பித்தார். சூடு கழுத்து வழியாக இறங்கும் இடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. ஷரீபா.

"அண்ணே, ரெண்டே பெட்டைதான் மிச்சம். அதுல ஒண்ணு முட்டையை நிறுத்திடுச்சு. சேவல் ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?"

"தேடிக்கிட்டேதான் இருக்கேன் தங்கச்சி. எங்கயும் காணோம். அந்த இனமே அத்துப்போச்சு போல."

பக்கத்தில் சேவல் இறக்கையை ஒருமுறை படபடவென்று அடித்து, கூவுவதற்குத் தலையைத் தூக்கியது. வீரமலை போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சட்டென்று குந்தினார். பீமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, அந்த வெறும் கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தார்.