நாலு ஒரிஜினல் பிளக்

1991 நவம்பரில் மெர்சிக்கு வயது நாற்பத்தொன்று. அவர் ஓட்டிய மாரிஸ் மைனர் காருக்கு முப்பத்தேழு.

சேரப்பணஞ்சேரியில் இருந்த சின்ன மிஷன் மருந்தகத்துக்கு அந்தக் காரைப் பழைய டாக்டர் ஒருவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். டிரைவர் வைக்க வசதியில்லை. நர்சான மெர்சியே ஓட்டக் கற்றுக்கொண்டார். சிக்கலான பிரசவம் என்றால் ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முப்பது கிலோமீட்டர். பஸ் வந்தால் வரும். கார் மட்டும் கூப்பிட்டால் கிளம்பும்.

அதைக் கிளம்ப வைத்துக்கொண்டிருந்தவர் படப்பை மெக்கானிக் பரசுராமன். தேய்ந்துபோன இஞ்சினுக்கு, தீப்பொறி கொடுக்கும் அம்பாசடர் பிளக் நாலு போட்டு, மாதம் ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பார். ஏழு வருடமாக அப்படித்தான் ஓடியது.

அந்த மாதம் மெர்சியின் கவலை சின்னப்பொண்ணு. ஊரின் கிழக்குக் கடைசி வீடு. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்திருப்பதாகச் செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. "வலி வரட்டும்னு காத்திருக்க வேணாம்மா, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே ஆள் அனுப்பு" என்று மெர்சி மூன்று தடவை சொல்லிவிட்டார்.

புதன்கிழமை மெட்ராசிலிருந்து மிஷன் கமிட்டிச் செயலாளர் ஜெபகுமார் வந்தார். பழைய கார் சேர்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் மாரிசை வாங்கப்போகிறார், அதற்குப் பதிலாகப் புது வேன் வரும் என்றார். வெள்ளிக்கிழமை அவர் பார்க்க வரும்போது பானெட்டுக்குள் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே காகிதம் சுற்றிய நாலு இங்கிலாந்து பிளக். டாக்டரின் பழைய பெட்டியில் கிடைத்ததாம்.

பரசுராமன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது மாப்பிள்ளை கோட்டு மாரி. போட்டோவுக்கு ஷோக்கா கீது. போட்டுக்கினு சேத்துல எறங்க முடியுமா?"

"இந்த காருக்குன்னே செஞ்ச பிளக்குய்யா."

"அப்போ இஞ்சின் புதுசு. இப்ப அது பெட்ரோலோட ஆயிலும் குடிச்சி கரி கக்குது. இது சூடு ஏறாத பிளக்கு, அந்தக் கரிய எரிக்காது. ரோட்ல ஓடுனா ஓடும். நின்னு உறும வுட்டா அடைச்சிக்கும்."

"ரெண்டு நாள்தானே. சிஸ்டர், நீங்க சொல்லுங்க."

மெர்சி வேனை நினைத்தார். படுக்க வைத்துக் கொண்டுபோகலாம். "ரெண்டு நாள்தான், போட்டுடுங்க பரசுராமன்" என்றார்.

போட்டதும் இஞ்சின் மணி மாதிரி ஓடியது. ஜெபகுமார் சிரித்தார். பரசுராமன் சிரிக்கவில்லை. கழற்றிய நாலையும் துணியில் சுற்றி மெர்சியிடம் நீட்டினார். "வண்டியிலயே வெச்சிக்க சிஸ்டர்" என்றார்.

மெர்சி அப்படித்தான் வைத்தார். மறுநாள் மாலை, பெங்களூர்க்காரர் டிக்கியையும் திறந்து பார்ப்பாரே என்று துடைத்துச் சுத்தம் செய்தபோது, பிளக் மூட்டையையும் பிளக் கழற்றும் ஸ்பேனர் இருந்த டூல் பையையும் எடுத்து மருந்தக அலமாரியில் பூட்டினார். அவருக்கு எதுவும் அதன் இடத்தில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை தந்தி வந்தது. பெங்களூர்க்காரர் திங்களன்றுதான் வருகிறார், கார் அப்படியே இருக்கட்டும். பரசுராமன் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு வாலாஜாபாத் போய்விட்டார். சின்னப்பொண்ணுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறதே என்று மெர்சி கணக்குப் போட்டார்.

சனிக்கிழமை பிற்பகல், மழையில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு சின்னப்பொண்ணின் மாமியார் சந்திரம்மாள் ஓடி வந்தார்.

"சிஸ்டரம்மா, பாவாடையெல்லாம் ரத்தமா நனைஞ்சி போச்சி. வலின்னு ஒண்ணும் இல்லன்றா."

வலியில்லாமல் ரத்தம் என்றால் நஞ்சுக்கொடிதான் என்று மெர்சிக்குத் தெரியும். அலமாரிச் சாவி இடுப்பில்தான் இருந்தது. பழைய பிளக்கை எடுக்கலாம், யார் மாற்றுவது? கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு, சின்னப்பொண்ணைப் பின்சீட்டில் மாமியார் மடியில் சாய்த்து வண்டியை எடுத்தார்.

ஒரகடம் வரை ஒரு குறையும் இல்லை. இரண்டு பக்கமும் ஏரி நிரம்பி, தண்ணீர் ரோட்டு ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா சிஸ்டரம்மா, ஒங்க வண்டி இன்னிக்கி பறக்குது" என்றாள் சின்னப்பொண்ணு. அவளுடைய உதடு வெளுத்திருந்தது.

"நீ பேசாத. காலை ஒசத்தி வை."

சிங்கப்பெருமாள்கோவில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

முன்னால் இரண்டு லாரி, ஒரு மாட்டு வண்டி. இஞ்சினை அணைத்தால் மறுபடி பிடிக்குமா என்று தெரியாது. ஓட விட்டால் என்ன ஆகும் என்று பரசுராமன் சொல்லியிருந்தார். மெர்சி அணைக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்து உறும வைத்தார். ஒரு கூட்ஸ் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று வர வேண்டும் என்றார் கேட்கீப்பர்.

மூன்றாவது நிமிடத்தில் இஞ்சின் ஒரு தடவை இருமியது. பிறகு வண்டி முழுவதும் நொண்டி ஆடத் தொடங்கியது. நாலில் ஒன்று போய்விட்டது என்று மெர்சிக்குப் புரிந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. பின்னால் கரும்புகை.

"இன்னாம்மா, கொசு மருந்து அடிக்கிறியா?" என்று லாரிக்காரர் ஒருவர் கத்தினார்.

கேட் தூக்கும்போது இஞ்சின் நின்றது.

ஸ்டார்ட்டரை இழுத்தார். சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன்கள். சந்திரம்மாள் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினார். "டேய், ஹாரன் அடிக்கிற கையால வண்டியத் தள்ளுங்கடா! உள்ள புள்ளத்தாச்சி கீறாடா!"

கத்திய லாரிக்காரர்தான் முதலில் குதித்தார். நாலைந்து பேர் சேர்ந்து தண்டவாளத்தைத் தாண்டித் தள்ளினார்கள். அந்தப் பக்கமும் வண்டி பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்தார் மெர்சி. வெளியே பார்க்க நாலு பிளக்கும் வெள்ளைப் பீங்கானுடன் பளபளவென்று இருந்தன. கழற்றித் துடைக்க லாரிக்காரர் வந்தார், ஸ்பேனர் மருந்தக அலமாரியில் இருந்தது. அவரிடம் இருந்த எதுவும் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை.

செங்கல் ஏற்றிய அந்த லாரியின் கேபினில்தான் சின்னப்பொண்ணைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். கேட்டில் இழந்தது நாற்பது நிமிடம். தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை.

"சீக்கிரம் வந்திருந்தா?" என்று மெர்சி டியூட்டி டாக்டரைக் கேட்டார். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "சொல்ல முடியாது சிஸ்டர்" என்றார். அந்தப் பதிலை மெர்சி யாரிடமும் தனக்குச் சாதகமாகச் சொன்னதில்லை. பிளக்கையும் ஸ்பேனரையும் அலமாரியில் பூட்டியது நான்தான் என்றே சின்னப்பொண்ணின் கணவன் மாரியிடம் சொன்னார். கம்பெனி ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்த மாரி, "பூட்டினா இன்னா சிஸ்டர், சாவி ஒங்ககிட்டதான இருந்துச்சி, திறக்கறதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் கேட்டுக்குப் போய்ப் பிளக்குகளைத் துடைத்துக் காரை ஓட்டி வந்தார். திங்களன்று பெங்களூர்க்காரர் வந்தார். ஒரு பிளக்கைக் கழற்றச் சொல்லி, மேலிருந்த எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படித்து, மிகவும் சந்தோஷப்பட்டார். அன்று மாலையே கார் லாரியில் ஏறிப் போனது.

புது வேன் பிப்ரவரி கடைசியில்தான் வரும் என்று அந்த வாரம் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. டிசம்பரில் மட்டும் மெர்சியின் பிரசவப் பட்டியலில் ஏழு பெண்கள் இருந்தார்கள்.