ஒற்றக்கா திருத்திய கடிதம்

ஒற்றக்கா (1951–2014). முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அச்சகத்தில் அதை எவரும் பயன்படுத்தியதில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் அங்கே மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றினார். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு தாளையும் படித்துப் பிழை களைவது அவர் வேலை. புள்ளி வைத்த மெய்யெழுத்தைத்தான் ஒற்று என்கிறோம். ‘வேலையைச் செய்தான்’ என்றால் நடுவில் ‘ச்’ வரும். ‘வேலை செய்தான்’ என்றால் வராது. இத்தகைய ஒற்று ஒன்றுக்காக ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்பவர் அவர்.

“ஒரு புள்ளிக்காக மெஷினை நிறுத்துறீங்களே அக்கா, என் மாமியார் கூட இப்படிப் படுத்தினதில்லை” என்பார் இயந்திரக்காரர்.

“உங்க மாமியார் படிக்கிற புத்தகமா இருந்தா விட்டிருப்பேன். மத்தவங்க படிக்கிறதாச்சே.”

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனும் அண்ணியும் ஒரே விபத்தில் இறந்தபின், ஒன்பது வயதான அண்ணன் மகளைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். பள்ளி விட்டதும் அச்சகத்துக்கு வந்து அத்தையின் மேசைக்கடியில் உட்கார்ந்திருக்கும் அச்சிறுமிக்கு எழுத்துக் கோப்பவர்கள் ‘காற்புள்ளி’ என்று பெயரிட்டார்கள். காற்புள்ளி வளர்ந்து ஒரு மருந்துக் கிடங்கில் இருப்பு எழுத்தராகச் சேர்ந்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவில் சீட்டு ஒட்டிப் போவாள்: ‘அத்தை, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.’ அந்த ‘ப்’பின் புள்ளியை மட்டும் அத்தையைச் சீண்டுவதற்காகப் பொத்தான் அளவுக்குப் பெரிதாக வரைந்திருப்பாள்.

2008 ஜூன் 14, சனிக்கிழமை, அவள் வேலைக்குப் போனாள், திரும்பவில்லை. அவளுக்கு வயது இருபத்துமூன்று. ஞாயிறும் திங்களும் ஒற்றக்கா தெரிந்தவர் வீடெல்லாம் தேடினார். செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. கணினியில் அச்சிட்ட நான்கு வரிகள். அடியில் அவள் பெயர்.

‘வெளியூரில் வேலைக் கிடைத்துவிட்டது. கவலைக் கொள்ள வேண்டாம். தேடித் தொல்லைச் செய்யாதீர்கள். நான் நலம்.’

மூன்று இடங்களில் வேண்டாத ஒற்று. ஐகாரத்தில் முடியும் சொல்லைக் கண்டால் அடுத்து ஓர் ஒற்றைப் போட்டே தீர்வது என்று கங்கணம் கட்டிக்கொண்ட கை அது. காற்புள்ளியின் கை அன்று. ஒற்றக்கா அக்கணமே காவல் நிலையம் சென்றார்.

“இதை எங்க பொண்ணு எழுதலைங்க. ஒற்று தப்பா இருக்கு.”

நிலைய எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். “இந்தக் காலத்துப் பசங்க யாரும்மா ஒற்று பார்க்குது? வேலை கிடைச்சிருக்குன்னு அவளே சொல்றா. சரி, ஒற்றையெல்லாம் விட்டுட்டுப் புகாரை மட்டும் எழுதிக் கொடுங்க. கடிதத்தையும் அதுலயே அப்படியே எழுதிடுங்க, நகல் வேணாம்.”

எழுதிக் கொடுத்தார். ஒப்படைத்த ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் சேர்த்தார்: கடிதம், புகைப்படம், அவள் அன்று வீட்டிலேயே மறந்துபோன அலுவலக அடையாள அட்டை, அதன் பின்புற வாசகம்.

எட்டு நாள் எதுவும் நடக்கவில்லை. அவளுடைய பொருள்களை எடுத்துச் செல்லலாம் என்று கிடங்கிலிருந்து தகவல் வந்தது. ஒற்றக்கா போனார். அவளுடைய பெட்டி இருந்த கீழ்த்தளத்தில், குளிரறையின் இரும்புக் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அதற்கு மேல் கையால் எழுதிய அறிவிப்பு: ‘குளிர்சாதனம் வேலைச் செய்யவில்லை. 14.6.2008.’

வழக்கப்படி அந்த ‘ச்’சின் மேல் விரலை வைத்தார். தாளுக்குப் பின்னால் இரும்பு சில்லிட்டது. உள்ளங்கையை முழுதாக வைத்துப் பார்த்தார். வேலை செய்யவில்லை என்று எழுதப்பட்ட குளிர்சாதனம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

பெட்டியை எடுக்காமலே காவல் ஆய்வாளரிடம் போனார்.

“ஒரு எழுத்தை வச்சு நான் கதவை உடைக்க முடியாதும்மா.”

“எழுத்தை விடுங்க ஐயா. கெட்டுப்போன ஃப்ரிட்ஜ் ஏன் ஜில்லுனு இருக்கு? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

ஆய்வாளர் பேனாவை மூடினார். அன்று பிற்பகல் கதவு திறக்கப்பட்டது. காற்புள்ளி உள்ளே இருந்தாள். கழுத்தை நெரித்திருந்தார்கள்.

காலாவதியான மருந்துகளின் தேதியை அழித்துப் புதுத் தேதி குத்தியதைக் கண்டு, இருப்பேட்டில் கையெழுத்திட மறுத்திருக்கிறாள். கிடங்கு மேலாளர் கைதானார். ஆனால் சாவி மூவரிடம் இருந்தது. அறிவிப்பை யார் சொன்னாலும் எழுதுவது தம் வழக்கம் என்றார் மேலாளர். கடிதம் ஒன்றே எஞ்சியது. மேலாளர் கைப்பட எழுதிய ஏடுகளில் ஐகாரத்துக்குப் பின் வேண்டாத ஒற்று நாற்பத்திரண்டு இடங்களில் இருந்தது. மற்ற இருவர் ஏடுகளில் ஓரிடத்திலும் இல்லை.

விசாரணை 2011இல் வந்தது. அதற்குள் சான்றுப்பொருள் அறையின் கூரை ஒழுகிக் கடிதத்தின் மை கரைந்து, நீலக் கறை மட்டும் மிஞ்சியிருந்தது. நிலைய எழுத்தர் தமக்கு ஒன்றும் நினைவில்லை என்றார். ஆய்வாளரும், “கடிதத்தைப் பார்த்தேன், எழுத்தையெல்லாம் கவனிக்கலை” என்று சாட்சி சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் புகாரை நீட்டினார். “இது உங்க கையெழுத்துதானே? மூணாவது பத்தியைப் படிங்க.”

ஒற்றக்கா படித்தார். ‘வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. கவலை கொள்ள வேண்டாம். தேடித் தொல்லை செய்யாதீர்கள்.’

“ஒரு பிழையும் இல்லையேம்மா! கதவுல இருந்த நோட்டீசைப் பார்த்த பிறகுதானே கடிதத்துக்குள்ள ‘க்’கும் ‘ச்’சும் முளைச்சது?”

அவர் வரிக்கடியில் விரல் வைத்து மறுபடி படித்தார். “நான் திருத்திட்டேங்க” என்றார். “எனக்கே தெரியாம.”

கூடத்தில் சிரிப்பெழுந்தது.

“முப்பத்தோரு வருஷம் அச்சகத்துல இருந்தவங்களுக்குப் பார்த்து எழுதத் தெரியாதா?”

“பார்த்து எழுதத்தாங்க தெரியாது. திருத்தி எழுதத்தான் தெரியும்.”

நீதிபதி மதிய இடைவேளை அறிவித்தார். தாழ்வாரத்துப் பெஞ்சில் அரசு வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒற்றக்கா புகாரின் நகலைக் கேட்டு வாங்கினார். பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து முதல் வரிக்கடியில் வைத்தார். எவரோ ஒருவருடைய மெய்ப்பைப் படிப்பதுபோல, எழுத்தெழுத்தாக இறங்கினார். இரண்டாம் பக்கத்தில் அளவுகோல் நின்றது.

“சார், அந்த அடையாள அட்டை நனைஞ்சுதா?”

“பிளாஸ்டிக் உறை போட்டதும்மா. நல்லாத்தான் இருக்கு. ஏன்?”

“அதோட பின்பக்கத்தை இதோட ஒப்பிட்டுப் பாருங்க.”

அட்டையில் அச்சாகியிருந்தது: ‘இந்த அட்டையை கண்டெடுப்பவர் கீழ்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும்.’ புகாரில் இருந்தது: ‘இந்த அட்டையைக் கண்டெடுப்பவர் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும்.’ விடுபட்ட இரண்டு ஒற்றும் அவர் கையால் ஏறியிருந்தன. அறிவிப்பைக் காண்பதற்கு எட்டு நாள் முன்னரே, அதே மேசையில், அதே பேனாவால்.

நீதிபதி அட்டையையும் புகாரையும் அருகருகே வைத்து இருமுறை படித்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து, “அம்மா சொன்னது சரிதான் போலிருக்கே. அவங்களுக்குப் பார்த்து எழுத வரலை” என்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மேலாளருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கடிதம் காற்புள்ளி எழுதியதன்று என்று தீர்ப்பு ஒரு தனிப் பத்தியில் கூறியது. ஒற்றக்கா கேட்டதெல்லாம் அந்த ஒரு பத்திதான்.

மேலாளர் மேல்முறையீடு செய்தார். அதற்காக ஆவணங்களை நூலாக அச்சிட்டபோது, பிழை பார்த்துத் தரும்படி அரசு வக்கீல் ஒற்றக்காவிடம் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு உடல்நிலை நன்றாக இல்லை. தீர்ப்பு மேற்கோள் காட்டிய கடிதத்தைத் தட்டச்சர், நல்லெண்ணத்தோடு, ‘வேலை கிடைத்துவிட்டது’ என்று திருத்தி வைத்திருந்தார். மற்ற இரண்டு இடங்களையும் அவ்வாறே.

மேல்முறையீடு 2015இல் தள்ளுபடியானது. அதைக் கேட்க ஒற்றக்கா இல்லை. அந்த மெய்ப்புத் தாள் அச்சகத்தில் இன்னும் இருக்கிறது. ‘வேலை’க்கும் ‘கிடைத்து’க்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு செருகுகுறி, அதன் மேல் ‘க்’. புள்ளி மட்டும் பொத்தான் அளவு பெரிதாக இருக்கிறது. ஓரத்தில், ‘பிழை இருக்கட்டும்’ என்ற குறிப்பும், சுருக்கொப்பமும், தேதியும்: 11.8.2014.