இஸ்திரிப் பெட்டியும் என் கணினி வகுப்பும்

தோட்டப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலை என்பது கால்வாசி பாடம், முக்கால்வாசி கரண்டுக்குக் காத்திருப்பது. இதைப் படிக்கும் ஆசிரியர்களில் பாதிப் பேராவது தொண்ணூறுகளில் இந்தப் பாட்டைப் பட்டிருப்பீர்கள். பிள்ளைகள் ஆசையோடு திரையைப் பார்ப்பார்கள், நாம் கவலையோடு மின்விசிறியைப் பார்ப்போம். அது சுற்றினால்தானே நமக்கு உயிர்! நான் பட்டதைக் கொஞ்சம் சொல்கிறேன். புலம்புகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டைப்பிங் படித்த குற்றம்

அப்போது நான் மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் குடியிருந்தேன். தினமும் மஸ்ஜித் தானா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளிக்கு ஓட்டைக் காரில் போய்வருவேன். மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதையில் காரை நான் ஓட்டினேனா, கார் என்னை ஓட்டியதா என்று சொல்வது கடினம்.

ஒரு பெற்றோர் கூட்டத்தில் சரோஜா அக்கா எழுந்து நின்றார். பால்மரம் சீவுகிறவர், மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவர். டவுன் பள்ளியில் கணினி இருக்கிறது, அடுத்த வருடம் தம் மகள் கவிதாவை அங்கே மாற்றப்போவதாகச் சொன்னார். சரோஜா அக்கா எந்தக் கடையில் சேலை எடுக்கிறாரோ அந்தக் கடையில்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் எல்லாரும் எடுப்பார்கள். கவிதா போனால் அவள் பின்னால் மற்ற பிள்ளைகளும் போவார்கள். ஏற்கெனவே பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்த பள்ளி எங்களுடையது, அதற்குமேல் தாங்காது, பூட்டுதான்.

தலைமையாசிரியர் அசரவில்லை. "வருசக் கடைசிப் பெற்றோர் நாள் வரைக்கும் பொறுங்கம்மா. ஒங்க மக ஒங்க கண்ணு முன்னாலயே கம்ப்யூட்டர ஓட்டிக் காட்டுவா. காட்டலைன்னா தாராளமா மாத்திக்குங்க" என்று சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார். பள்ளியில் அப்போது ஒரு கால்குலேட்டர்தான் இருந்தது. யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்று நான் மெதுவாகக் கேட்டதற்கு அவர் சொன்னார்: "நீங்க டைப்பிங் படிச்சவங்கதானே டீச்சர், ரெண்டும் ஒண்ணுதான் லா!"

எலுமிச்சம்பழம்

மலாக்கா டவுனில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினி ஒன்றும், நீளத் தாளில் கடகடவென்று அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்றும் எப்படியோ கிடைத்தன. தோட்டத்து லாரி டிரைவர் அண்ணாமலை அண்ணன் இரண்டையும் தலையணை வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கியவர் பூசை போடாமல் நகர மாட்டேன் என்றார். தோட்டத்துக்குப் புது வண்டி எது வந்தாலும் பூசை அவர் பொறுப்பு. திரைக்குத் திருநீற்றுப் பட்டையும் சந்தனப் பொட்டும் வைத்தார், சூடம் காட்டினார். பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு இதற்குச் சக்கரம் எங்கே என்று கேட்டார். சக்கரமெல்லாம் கிடையாது அண்ணே என்றேன். அவர் நம்பாமல் தேடிப் பார்த்து, மௌஸைத் திருப்பினார். அந்தக் காலத்து மௌஸின் வயிற்றில் ஓர் உருண்டை உருளுமே, அது கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பழத்தை மேசைமேல் வைத்து, அதன்மேல் மௌஸை வைத்து, நான் தடுப்பதற்குள் உள்ளங்கையால் ஓர் அமுக்கு! சாறு உள்ளே இறங்கிவிட்டது. அந்த உருண்டையைக் கழற்றி நானும் கவிதாவும் துடைத்துத் துடைத்துக் கை வலித்ததுதான் மிச்சம், ஒரு வாரம் அது பிசுபிசுவென்றே நகர்ந்தது. அண்ணாமலை அண்ணனுக்கோ பரம திருப்தி. "டீச்சர், இனிமே இது எங்கயும் போயி மோதாது!"

வெள்ளிக்கிழமை கரண்டு

தோட்டத்தில் அப்போது அரசாங்க மின்சாரம் இல்லை. இஞ்சின் கொட்டகையில் ஒரு பெரிய இஞ்சின், அதைப் பார்த்துக்கொள்ள முனியாண்டி அண்ணன். விடியற்காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் கரண்டு விடுவார். எங்களுக்காக மேனேஜர் மனமிரங்கி வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சொன்னார். முதல் நாள் வகுப்பில் கவிதா நாலு வரி அடித்திருப்பாள். மின்விசிறி மெதுவானது, திரை சுருங்கியது, பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது.

விஷயம் இதுதான். இஞ்சின் ஒன்று, லைனும் ஒன்று. பள்ளிக்கு விட்ட கரண்டு லயத்துக்கும் போகிறது. மரம் சீவிவிட்டு வந்த பெண்கள் பட்டப்பகலில் பல்பு எரிவதைப் பார்த்தார்கள். மாலை கரண்டு டிவிக்கே போதாது, பகலில் வந்தால் விடுவார்களா? எல்லா வீட்டிலும் இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட்டது, இஞ்சின் திணறியது. கவிதா அணைக்கச் சொல்ல வெளியே ஓடினாள். அவள் அம்மாவும் இஸ்திரிதான் போட்டுக்கொண்டிருந்தாராம். அழுதுகொண்டே திரும்பி வந்தவள் பின்னால் சரோஜா அக்காவும் வந்தார், இடுப்பில் கை. "ஒரு பொட்டிக்காவ நாங்க கசங்குன சேலையோட கோயிலுக்குப் போவணுமா டீச்சர்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அட்டைக் கணினி

ஒரு கணினி, அதற்கும் சந்தேகக் கரண்டு. என்ன செய்வது? கெட்டியான மணிலா அட்டையில் கணினி விசைகளை வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். பிள்ளைகள் அதிலேயே விரல் பழகினார்கள். வீட்டுக்கும் கொண்டுபோய் வாசல்படியில் உட்கார்ந்து தட்டினார்கள். கோயில் வாசலில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், எங்கே பார்த்தாலும் தட்டல். கோலாலம்பூரிலிருந்து என் அண்ணன் தமிழ் எழுத்துள்ள டிஸ்கெட் வாங்கி அனுப்பியதும் தமிழ் அட்டையும் ஒன்று வரைந்தோம். கவிதா கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

முனியாண்டி அண்ணன் ஒருநாள் இதை நின்று பார்த்தார். அவர் பையனும் அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான். கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னார்: "அட்டைக்கும் கரண்டு வேணும்னா சொல்லுங்க டீச்சர், ஒயர் இழுத்துத் தர்றேன்."

பெற்றோர் நாள்

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் நாள். மானம் போகக்கூடாது என்று முனியாண்டி அண்ணன் சனிக்கிழமை மாலையே இஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதனால் அன்று இரவு லயத்தில் கரண்டே இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் இஞ்சின் ஓடும். தோட்டம் முழுக்க இஸ்திரி போடாத துணி, எல்லாரும் விழாவுக்குப் புறப்படுகிற நேரம். சரியாகப் பத்து மணிக்குத்தான் கவிதா கணினி முன்னால் உட்கார வேண்டும். போதாக்குறைக்கு சரோஜா அக்காவைக் காணோம். மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஞ்சின் சத்தம் கேட்டது. திரை ஒளிர்ந்தது. கவிதா அடிக்கத் தொடங்கினாள். நான் மின்விசிறியையே பார்த்தேன். அது ஒரே வேகத்தில் சுற்றியது, ஒருமுறைகூடத் தளரவில்லை. பெற்றோர் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், வந்த அத்தனை சேலையும் கசங்கியிருந்தது, அத்தனை சட்டையும் சுருங்கியிருந்தது. கடைசியாக வேர்க்க விறுவிறுக்க சரோஜா அக்கா வந்தார். லயம் லயமாகப் போய், ஒரு வீடு விடாமல் இஸ்திரிப் பெட்டிச் சுவிட்சை அடைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்!

பிரிண்டர் கடகடத்தது. கவிதா தாளைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்தாள். 'என் அம்மாவின் பெயர் சரோஜா. அவர் பால்மரம் சீவுகிறார்.' அடையாள அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் தம் பெயரை அதுவரை ஆங்கில எழுத்தில்தான் அச்சில் பார்த்தவர் அவர். தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன், எனக்கென்ன வெட்கம்? தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் டவுன் பள்ளிக்கு மாற்றும் விஷயம் என்னம்மா ஆயிற்று என்று கேட்டார். சரோஜா அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். "அங்க இவ படிக்கறப்ப சுவிட்ச அடைக்கறதுக்கு யாரு சார் இருக்கா?"

எங்கள் பள்ளியில் கணினிக் கல்வி எப்படி நிலைத்தது என்று இன்று யாராவது கேட்டால் அன்றைய குழுப்படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன், அதில் இஸ்திரி போட்ட சட்டையில் நிற்பவர் டவுனில் குடியிருந்த எங்கள் தலைமையாசிரியர் மட்டும்தான்.