அடுத்த தெருவுக்கு ஒரு சினிமா

போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் எதிர்வீட்டு மாமி என்னை மடக்கிவிட்டாள்.

"ஏண்டி, உங்க காலேஜ்ல சினிமா பாத்தா மார்க் போடறாளாமே! நெஜமாவா?"

"நெஜம்தான் மாமி."

மாமி பட் பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது அம்பாளுக்கா, எங்கள் காலேஜுக்கா என்று தெரியவில்லை. ஆனால் அவள் கேள்விப்பட்டதில் தப்பே இல்லை. இந்த மூன்று மாதமாக நான் சினிமாதான் பார்த்துக்கொண்டிருந்தேன்... அதுவும் ஒரே படத்தை!

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பி.ஏ. படிக்கக் கிளம்பிய அசட்டுத் துணிச்சல்காரி நான். இந்த வருஷம் வகுப்பில் ஆளுக்கொரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரிய மனிதர்கள் வரும் சபையில் வாசிக்கச் சொல்வார்கள்.

மற்றவர்கள் சமர்த்தாக மொகலாயர் நிலவரியை எடுத்துக்கொண்டார்கள். நான்? பிரசாரப் படங்கள்! சர்க்கார் வண்டியில் கொண்டுவந்து மைதானத்தில் இனாமாகக் காட்டுகிறார்களே, கொசுப் படம், காலராப் படம்... அவற்றைப் பார்த்து யாராவது திருந்துகிறார்களா என்பதுதான் என் கேள்வி.

"அதைப் பற்றி லைப்ரரியில் ஒரு புத்தகமாவது இருக்கிறதா?" என்றார் புரொபஸர் அம்மா.

இல்லை.

"புத்தகம் இல்லாத விஷயத்தில் எப்படிக் கட்டுரை எழுதுவாய்? உருப்படியாக ஒன்றும் கொண்டுவராவிட்டால் உனக்குப் பூஜ்யம்தான். பிறகு என்னிடம் வந்து அழக் கூடாது."

வீட்டிலே நிலைமை இன்னும் மோசம். "கட்டுரை தேறலேன்னா இந்த வருஷத்தோட காலேஜுக்கு ஒரு கும்பிடு போட்டுடு" என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் கணவர்? பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆக, பி.ஏ. பட்டமே அந்தக் கொசுவின் தயவில் இருந்தது!

சாயங்காலத்துக்கு மேல் மைதானத்துக்கு ஒரு ஸ்திரீ தனியாகப் போகலாமா? மயிலாப்பூரில் அது நடக்கிற காரியமா?

"துணைக்கு நான் வரேன்" என்றார் மாமியார். "எனக்கொண்ணும் சினிமா பாக்கணும்னு ஆசை இல்லே. உனக்காகத்தான்."

சொல்லிக்கொண்டே நல்ல புடவையாகப் பார்த்து எடுத்துக் கட்டிக்கொண்டார்.

முதல் காட்சி மயிலாப்பூரிலேயே. இரண்டு கம்பு நட்டு, நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முன்பக்கம் ஆண்களுக்கு. ஸ்திரீகளுக்குப் பின்பக்கம்! ஈரத் துணியாகையால் படம் எங்கள் பக்கமும் தெரிந்தது. என்ன... இடது வலது மாறித் தெரிந்தது. படத்தில் வந்த எழுத்துக்கள் எல்லாம் கண்ணாடிக்குள் பார்த்ததுபோல் திரும்பிக் கிடந்தன. ஒன்றையும் படிக்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. படத்தையே சரியாகப் பார்க்க முடியாதவள் படத்தைப் பற்றி என்ன எழுதுவது?

துணிக்குப் பக்கத்தில் ஒருவர் மெகாபோனை வைத்துக்கொண்டு முழங்கினார். "மகாஜனங்களே! மூடாத கிணறு, கழுவாத தொட்டி... இங்கேதான் கொசு முட்டையிடுகிறது! அது கடித்தால் யானைக்கால்!"

என் பக்கத்திலிருந்த வேறொரு மாமி உச்சுக்கொட்டினாள். "பாவம், குப்பத்துல இருக்கறவாளுக்கு இதெல்லாம் தெரியறதில்லே. அவாளுக்குத்தான் போட்டுக் காட்டணும்!" சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அத்தனை பேர் வீட்டுக் கொல்லையிலும் கிணறு இருக்கிறது. ஒன்றுக்காவது மூடி கிடையாது!

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. துணியில் என்ன தெரிந்தால் என்ன? விஷயம் துணியில் இல்லையே, அதற்கு எதிரில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது! திரையின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு பெண்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்தது, அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம். அதே வண்டி, அதே படம், அதே மெகாபோன். மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள் ஓர் அம்மாள். எப்படி இருக்கிறது படம் என்று அவளைக் கேட்டேன்.

"நல்லாத்தான் கீதும்மா. ஆனா இத்த இன்னாத்துக்கு இங்க காட்டிக்கினு கீறாங்கோ? கெணறு, தொட்டி, கொளம் எல்லாம் மயிலாப்பூர்லதான் கீது. அங்க போயிக் காட்டச் சொல்லு. கடலு காத்துல கொசுவு வருமா?"

சொல்லும்போதே தன் கழுத்தில் பளீரென்று ஓர் அடி அடித்துக்கொண்டாள்.

எனக்கு எழுந்து நின்று ஆட வேண்டும் போலிருந்தது. மாமியார் பக்கத்தில் இருந்ததால் ஆடவில்லை.

மூன்றாவது, தியாகராய நகர். அங்கே எல்லாம் புதுசு. புது ரோடு, புது மனை, புதுப் பணம். கட்டிக்கொண்டிருந்த ஒரு பங்களாவின் வாசலில் காட்சி. பங்களாக்கார அம்மாள் எனக்கு நாற்காலி போட்டு உபசரித்தாள். "எங்க பக்கமெல்லாம் ஒரே சுத்தம். இது உங்களை மாதிரி பழைய ஊர்க்காரங்களுக்குன்னே எடுத்த படம், இல்லையா?" என்றாள். சுண்ணாம்பு குழைக்க அவள் கட்டிவைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுக்கள் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

போதாதா?

எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். புரொபஸர் அம்மா நாலைந்து பக்கம் புரட்டினார். புருவம் உயர்ந்தது. "இது ஆராய்ச்சியா, வம்பா?"

"ஒரு தெருவில் கேட்டால் வம்பு, அம்மா. மூன்று பேட்டையிலும் அதையே கேட்டால் ஆராய்ச்சி இல்லையா?"

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்! அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. சபையில் வாசிக்க என் கட்டுரையையே எடுத்துக்கொண்டார். மொகலாயர்கள் அத்தனை பேரும் தோற்றார்கள்!

நேற்று முன்தினம் வாசித்தேன். மண்டபம் நிறையக் கூட்டம். குப்பத்து அம்மாளின் பேச்சை அப்படியே படித்ததும் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. தியாகராய நகர் வந்ததும் முன்வரிசையும் சேர்ந்துகொண்டது. பிரசாரப் படத்தை எல்லோரும் ரசிக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் அது அடுத்த தெருவுக்காக எடுத்தது என்றே நினைக்கிறார்கள் — இதுதான் என் முடிவு. கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. அந்தச் சப்தத்தை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன்.

தலைமை வகித்தவர் யார் தெரியுமா? அந்தக் கொசுப் படத்தை ஊர் ஊராக அனுப்பிவைக்கும் அதிகாரியே! எழுந்து கனைத்துக்கொண்டார்.

"அருமையான கட்டுரை. விவசாயப் படம் காட்டுகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். நல்லவேளையாக, எங்கள் படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை!"

மண்டபம் இடிந்து விழாதது ஆச்சரியம். அப்படி ஒரு சிரிப்பு! எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். புரொபஸர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் தட்டினார்.

ஜட்கா வண்டியில் வீடு திரும்பும்போது, சபைக்கும் துணையாக வந்திருந்த மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "அடுத்த வருஷமும் படி. உன் ஆத்துக்காரன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். அப்புறம் என் காதோடு, "பாத்தியாடி அந்த மனுஷனை! எல்லாருமே அடுத்தாத்தைத்தான் பாக்கறா. பகவான் புண்ணியத்துல நம்மாத்துல யாருக்கும் அந்தப் புத்தி கிடையாது!"

நானும் பலமாகத் தலையை ஆட்டிவைத்தேன். பட்டம் வாங்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே!