தொப்பி போட்டு அனுப்பிய மெயில்

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தால், புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், விசாரிக்கிறவர் மூன்று பேரும் நம் கடை பெஞ்சில்தான் உட்காருவார்கள். சங்கரன்கோவிலில் எனக்கு அப்படி ஒரு கடை. படிப்பு பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும்தான். பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். எங்கள் ஊர்க் கோயில் கோமதியம்மாளைக் கும்பிட்டுவிட்டுக் கடை திறக்கிறேன். என்னைப் போலக் கடை நடத்தும் சகோதரிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள், கேளுங்கள்.

ரகசியப் படிப்பு

ஸ்டேஷன் மெயிலெல்லாம் முன்பு என் கடையிலிருந்துதான் போகும். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஏட்டையா எழுதிக்கொண்டு வருவார், நான் அனுப்புவேன். போன வருஷம் ஸ்டேஷனுக்கே இன்டர்நெட் வந்தது. கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் அவரே அனுப்பக் கற்கவேண்டும், இல்லையென்றால் ரைட்டர் நாற்காலி வேறு ஆளுக்கு, அவருக்கு வெளி டூட்டி என்று புது இன்ஸ்பெக்டரம்மா சொல்லிவிட்டார். மனுஷருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. நாற்காலி போனால் நாள் முழுக்க நிற்கவேண்டும்.

மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து வந்தார். "ஸ்டேஷன்ல சின்னப் பயலுவகிட்ட கேட்டா மானம் போயிரும்க்கா. நீங்க சொல்லித் தாங்க. மனு டைப் அடிக்க வந்தேன்னு வெளிய சொல்லிக்கிடுதேன்."

பாஸ்வேர்டுக்குக் காவல்

பாஸ்வேர்டைப் பத்திரமாக வையுங்கள் என்று சொன்னது என் தப்பு. தாளில் எழுதி, கவரில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, துப்பாக்கி அறையில் பூட்டிவிட்டார். தினமும் காலையில் அறையைத் திறந்து, முத்திரையை உடைத்து, பார்த்துவிட்டுத் திரும்ப அரக்கு உருக்கவேண்டும். பாரா நிற்கும் போலீஸ்காரர் டீ குடிக்க வந்தபோது சொன்னார்: "உள்ள என்ன எழுதிருக்கோ தெரியாதுக்கா. துப்பாக்கியக்கூட நாங்க இப்படிக் காத்ததில்ல."

மெயிலுக்குப் பின்னால் பஸ்

ஒருநாள் தானாகவே ஒரு மெயில் அனுப்பிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவர் நெற்றிக்கும் கடை மௌசுக்கும் திருநீறு பூசினேன். மறுநாள்தான் தெரிந்தது, மெயில் போன கையோடு ஒரு போலீஸ்காரரையும் பஸ் ஏற்றி மேலிடத்து ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார். வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்கிவர! அங்கேயும் ஒரு புண்ணியவான் மெயிலைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்திருக்கிறார்.

போய்விட்டது என்று கம்ப்யூட்டரே சொல்கிறதே என்றேன். "அது செஞ்சத அதுவே சொன்னா போதுமாக்கா? சாட்சி வேண்டாமா?"

பரீட்சை

தபசுக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கட்டைக் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். பந்தோபஸ்து லிஸ்டை மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரம்மா பின்னாலேயே நின்றார். நான் கண்ணை மூடி அம்மாளைக் கூப்பிட்டேன். ஏட்டையா ஒற்றை விரலால் அடித்தார், லிஸ்டைச் சேர்த்தார். அனுப்பும் நேரம் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொப்பியை மாட்டி, வலது கையால் சல்யூட் வைத்து, இடது கையால் பட்டனை அமுக்கினார்.

"என்ன ஏட்டையா இது?"

"ஐயாவுக்குல்லா போகுது மேடம். உக்காந்துக்கிட்டு எப்படி அனுப்ப?"

போலீஸ்காரர்கள் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இரண்டு நிமிஷத்தில் 'கிடைத்தது' என்று பதில் வந்தது. அதையும் நின்றபடியே படித்தார். இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "உக்காருங்க ஏட்டையா. இது உங்களுக்குத்தான்."

வந்துகொண்டிருந்த வாடிக்கையை நானே பாடம் சொல்லித் துரத்திவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் அம்மாளுக்கு மாலையும் வாங்கிச் சாத்தினேன் என்றால், என் வியாபாரத் திறமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.