வடத்தில் தொங்கிய படகு எஞ்சின்

பள்ளிக்கூடத்துக்கு நான் போனது கொஞ்ச நாள்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பிற்பாடு நானாகவே பழகிக்கொண்டேன். ராஜபாளையத்தில் பருத்தி மூட்டை சுமந்தவன், அதே ஊரில் பருத்தி அரவைக் கொட்டகை வைத்தேன். பெருமை பேசுகிறான் என்பார்கள். பேசத்தான் பேசுவேன். சுமந்தது என் தலை.

கொட்டகையை நான் எடுத்தபோது பாய்லர் நன்றாக இருந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மெஷின்களும் இருந்தன. அவற்றை ஓட்டிய நீராவி எஞ்சின்தான் மறு வருஷமே வெடிப்பு விட்டு நின்றுபோனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோல் வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவர் எனக்குப் பாதிக் கூட்டு. அவர் தூத்துக்குடிக்குப் போய், துறைமுகத்தில் உடைக்கப்போட்ட ஒரு நீராவிப் படகின் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாத்தூர் வரை ரயில், அதற்கு மேல் மாட்டு வண்டி. எங்கள் இருவரின் கையிருப்பும் அந்த வண்டியில்தான் வந்தது. அது ஓடினால் நான் முதலாளி. விழுந்து உடைந்தால் திரும்பவும் மூட்டைதான்.

எஞ்சினைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. அதற்குக் காலே இல்லை. படகின் இரண்டு பக்கமும் கிடக்கும் கட்டைகள் மேல் தொங்குகிற மாதிரி, நடு உடம்பில் காது போல இரும்புப் பட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பெரிய சக்கரமும் தண்டும் அந்தக் காதுகளுக்குக் கீழே இறங்கியிருந்தன. தரையில் வைத்தால் தண்டு வளைந்துவிடும். ஆகவே ஒரு குழி வெட்டி, அதன் இரு கரையிலும் கனமான இரண்டு கட்டைகள் போட்டு, காதுகளை அவற்றின் மேல் உட்கார வைக்க வேண்டும். எந்தக் கட்டை என்பதுதான் கேள்வி.

கருங்கல் போடு என்றார் கொத்தனார். கடலில் ஆடி வளர்ந்த சாமானைக் கல்லில் வைத்தால், ஆட்டம் போக வழியில்லாமல் காது உடையும் என்றேன். பனங்கட்டை நாராகப் பிளக்கும், ஆணி நிற்காது. வேம்பு பச்சையாகத்தான் கிடைத்தது, காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் சொன்னதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மரக்கடை ஒன்றில் இரண்டு பழைய இலுப்பைக் கட்டைகள் கிடந்தன. காதை வைத்துத் தட்டிப் பார்த்தேன். வெண்கலம் மாதிரி நின்று பேசியது. பழைய வீட்டு உத்திரம் என்றார் கடைக்காரர். அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட்டேன்.

எஞ்சினைத் தூக்க மம்சாபுரத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டேன். குழிக்கு மேல் மூன்று மரங்களைக் கூட்டி நிறுத்தி, உச்சியில் கப்பி கட்டினோம். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிற வடம்தான் கயிறு. அதை வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் குழிக்கு நேராகத் தொங்கியது. தச்சு ஆசாரி காதுகளின் ஓட்டை வழியாகக் கரியால் கட்டையில் குறி வைப்பார். பிறகு துளை போடுவார். அதுதான் ஏற்பாடு. ஒரு கட்டையில் குறி வைத்தாயிற்று. மற்றக் கட்டையின் மேல்முகத்தில் சிறு வெடிப்பு இருந்ததால் அதைப் புரட்டச் சொன்னார்.

புரட்டினார்கள். ஆசாரி உளியைத் தரையில் வைத்துவிட்டார்.

"மொதலாளி, இத வந்து பாருங்க."

மண் அப்பியிருந்த அடிமுகத்தில் தாமரை இதழ் செதுக்கியிருந்தது. அதற்கு மேலே ஒரு யாளியின் நகம். பழைய முளை ஓட்டைக்குள் காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

"இது வீட்டு உத்திரம் இல்ல. தேர்க்கட்டை," என்றார் ஆசாரி.

வடத்தைப் பிடித்திருந்த ஆட்கள் வருஷா வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் இழுக்கிறவர்கள். தேர்க்கட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிப் பேர் வடத்தை விட்டுவிட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள்.

எஞ்சின் சரசரவென்று இறங்கியது. மிச்சப் பேர் குதிகாலை ஊன்றிப் பிடித்தார்கள். வேப்பம்பட்டை உரிந்து புகைந்தது. சக்கரம் குழியின் அடியைத் தொட ஒரு சாண் இருக்கையில் நின்றது. ஆசாரி பின்னால் துள்ளி விழுந்து, குழிக்கரையில் மல்லாந்து கிடந்தார்.

"ஏலே, சாமிய மனசுல கும்பிடுங்கலே. கையால வடத்தப் பிடிங்க," என்று கத்தினேன்.

ஓடி வந்து பிடித்தார்கள். மெல்ல மெல்ல மேலே ஏற்றி, வடத்தை வேம்பில் இறுக்கிக் கட்டினோம். அப்போதுதான் மேலே 'டப்' என்று ஒரு சத்தம். வடத்தில் நைந்த இடம் கப்பிக்கு நேராக வந்து நின்றிருந்தது. ஒரு புரி அறுந்து சுருண்டு தொங்கியது.

ராவுத்தர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அண்ணாச்சி, எனக்கு அது மரம், ஒங்களுக்குச் சாமி. நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா வடம் யாருக்கும் காத்திருக்காது."

"துளை போடாம, சும்மா தாங்கலுக்கு மட்டும் வச்சா என்ன ஆசாரி?" என்று கேட்டேன்.

"ஒங்க கையாலயே வச்சுக்கோங்க மொதலாளி. நான் வீட்டுக்குப் போறேன்," என்று ஆசாரி நடையைக் கட்டினார்.

எந்த அதிகாரிக்கும் எந்த ஜமீனுக்கும் நான் பயந்ததில்லை. ஆனால் அந்தத் தேரை நானும் இழுத்திருக்கிறேன். குனிந்து கட்டையைத் தொட்டேன். எண்ணெய் வடியும் எஞ்சினை அதன் மேல் இறக்க என் கை வரவில்லை. மேலே இன்னொரு புரி போனது.

கொட்டகையை ஒட்டித்தான் எனக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்துவிட்டது. மேலே போட மலையடிவாரத்திலிருந்து வேங்கை உத்திரங்கள் வாங்கி முற்றத்தில் அடுக்கியிருந்தேன். மாடி வீடு கட்டப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். என் பெண்சாதி அந்த உத்திரங்கள் மேல் சொளகை வைத்துக் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எந்திரி. உத்திரம் வேணும்."

அவள் எழுந்திருக்கவில்லை. "எதுக்கு?"

"எஞ்சினுக்கு."

"வீட்டுக்கு மேல என்னத்தப் போடப் போறிய?"

"ஓல."

"ஊருக்கெல்லாம் மாடின்னு சொன்னிய."

"ஊரு கெடக்கு. வடம் அறுந்துக்கிட்டிருக்கு, எந்திரிட்டி."

அவள் குழிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். எஞ்சின் மெல்லச் சுற்றிக்கொண்டு தொங்கியது. சொளகை இடுப்பில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இருக்கதுலயே பெருச எடுங்க. சின்னதப் போட்டு அதையும் ஒடச்சுட்டு வந்து நிக்காதிய."

தேர்க்கட்டைகளைத் துணி விரித்து நிழலில் வைத்தோம். வேங்கை உத்திரங்களைக் குழிக்கரையில் போட நானும் தோள் கொடுத்தேன். ராவுத்தரும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஆசாரி கூப்பிடாமலேயே திரும்பி வந்து உளியை எடுத்தார். அவர் குறி வைத்துத் துளை போடும் வரைக்கும் எல்லாரும் கப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு புரி அறுந்தது. ஆசாரியின் கை நிற்கவில்லை.

வேம்பில் கட்டிய வடத்தை அவிழ்த்து அங்குலம் அங்குலமாக விட்டோம். காதுகள் வேங்கையில் உட்கார்ந்தபோது மரம் ஒரு தரம் முனகியது. பிளக்குமோ என்று குனிந்து பார்த்தேன். பிளக்கவில்லை. வடத்தை உருவிப் பார்த்தால், நைந்த இடத்தில் ஒற்றைப் புரி மிச்சம் இருந்தது. ராவுத்தர் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

தேர்க்கட்டைகளை வண்டியில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம். வடம் பிடித்த ஆட்கள் வண்டியில் ஏற மாட்டோம் என்று கூடவே நடந்து வந்தார்கள்.

பாய்லரை மூட்டிய அன்று எஞ்சின் ஆடிய ஆட்டத்தில் கொட்டகைக் கூரைத் தூசியெல்லாம் கொட்டியது. உத்திரம் அசையவில்லை. மரம் பார்ப்பதில் என் கண்ணுக்கு ஈடான கண் இந்தத் தாலுகாவில் கிடையாது. தேர்க்கட்டையும் நான் பொறுக்கியதுதான், அதன் பலத்தை யாரும் குறை சொல்லவில்லையே.

என் வீடு மட்டும் பல வருஷம் பனையோலைக் கூரையோடு இருந்தது. மழை வந்தால் ஒழுகும். அரவைக்கார முதலாளி வீட்டில் ஓலைக் கூரையா என்று யாராவது வந்து கேட்டால், என் பெண்சாதி கொட்டகைப் பக்கம் கையைக் காட்டுவாள்.

"எங்க உத்திரம் வேலைக்குப் போயிருக்கு," என்பாள்.