அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது

போன மாதம் ஒரு புதன்கிழமை முற்பகல், பரமத்தி வேலூரிலிருந்து அக்காவின் மகன் சேவியர் தொலைபேசியில் கூப்பிட்டான். "சித்தி, அம்மா…" என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டான். பிறகு அவன் மனைவி வாங்கிப் பேசினாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா, நாற்காலியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மடியிலிருந்த முறத்தில் பாதிக் கீரை ஆய்ந்தபடி இருந்ததாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் போனதே இல்லையே என்பதுதான்.

சகாயமேரியை உங்களில் பலர் வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டு அம்மாவாக, கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவளாக அறிந்திருப்பீர்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "தைரியமான பொம்பளைங்க" என்றே சொன்னார்கள். அந்தத் தைரியம் எந்த வயதில், எப்படி வந்தது என்று பார்த்தவள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதில் என் பங்கு ஒன்று உண்டு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது அஞ்சலி.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் அயோத்தியாப்பட்டணத்தில் குடியிருந்தோம். அப்பா சூசை, சேலத்துக்கும் வாழப்பாடிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அம்மா ஜவ்வரிசி மில்லில் வேலை; காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். அக்காவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது அப்பா துரும்பாக இளைத்துப்போனார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி என்றார்கள். உயிரோடு இருக்கும்வரை தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும் என்றார்கள்.

ஓடுகிற பஸ்ஸில் ஏணியைப் பிடித்து மேலே ஏறி மூட்டைகளைச் சரிபார்க்கிற மனிதர் அப்பா. ஊசியைக் கண்டால் மட்டும் முகம் வெளுத்துவிடும். தானே போட்டுக்கொள்ள அவரால் முடியவில்லை. அம்மா ஒரு முறை முயன்று, ஊசி தோலைத் தொடுமுன் மயங்கி விழுந்தாள். "நான் போடறேன்" என்றாள் அக்கா. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சிரித்தார். பிறகு ஒரு கத்திரிக்காயைக் கொடுத்துக் குத்திப் பழகச் சொன்னார். மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டின் காலை அக்காவின் கையில் இருந்தது. கண்ணாடி ஊசிக்குழலைச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைப்பாள். மருந்துப் புட்டி, மூலையில் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இருக்கும். சூட்டில் மருந்து கெட்டுவிடும் என்று மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பாள். அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியாயே' சொல்ல ஆரம்பிப்பார். ஜெபம் முடியுமுன் அக்கா ஊசியை எடுத்துவிட்டிருப்பாள். நான் ஓரமாக நின்று நடுங்குவேன். "பயமெல்லாம் அப்புறம் படலாம்டி செலின். மொதல்ல தண்ணி கொதிச்சுதான்னு பாரு" என்பாள். கடைசிவரை அவள் வாயில் இருந்த வார்த்தை இது. என் பிரசவத்தின்போதும் இதையேதான் சொன்னாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒன்று நடந்தது. சேலத்தில் பள்ளிக்கூடம் விட்டு, அப்பாவின் பஸ்ஸிலேயே நாங்கள் இருவரும் வீடு திரும்புவோம். அன்று மதியம் வாழப்பாடியிலிருந்து வரும் வழியில் டயர் வெடித்து, அதைச் சரிசெய்வதிலேயே அப்பாவின் சாப்பாட்டு நேரம் போயிருக்கிறது. நாங்கள் ஏறியபோது அவருடைய சாப்பாட்டுத் தூக்குப்போசி திறக்காமல் கிடந்தது. பஸ் கிளம்பியதும் அப்பா ஒருவருக்கே இரண்டு முறை டிக்கெட் கிழித்தார். காரணமில்லாமல் விசில் ஊதினார். சிரித்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். காக்கிச் சட்டை தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல நனைந்திருந்தது.

"கண்டக்டர் தண்ணி போட்டிருக்கான்யா!" என்று ஒருவர் கத்தினார். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். குடித்தவன் என்று பிடிபட்டால் வேலை போவது மட்டுமல்ல, ஜெயிலும் உண்டு. அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் நின்றதும் யாரோ ஓடிப்போய் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிவந்துவிட்டார்கள். அவர் அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். அப்பாவின் தலை தொங்கியது.

அக்கா நடுவில் புகுந்து நின்றாள். "வாயை மோந்து பாருங்க சார். சாராய வாடை அடிச்சா கூட்டிட்டுப் போங்க. அப்பா குடிக்கலை. சர்க்கரை கொறஞ்சுபோச்சு. யாராச்சும் சர்க்கரை இருந்தாக் குடுங்களேன், வெல்லம் இருந்தாலும் குடுங்க!"

"சர்க்கரை வியாதிக்காரனுக்கு வெல்லமா? பெத்த அப்பனைக் கொன்னுப்புடாதே பாப்பா" என்றார் ஒரு பெரியவர். கூட்டம் அவர் பக்கம் தலையாட்டியது.

"காலையில ஊசி போட்டது நான். மத்தியானம் அவர் சாப்பிடலை. எனக்குத் தெரியும்!" அவள் குரல் கீச்சென்று உடைந்தது. ஆனால் கண்ணில் நீர் இல்லை.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பொங்க வெக்கறதுக்குன்னு அச்சு வெல்லம் வாங்கியாந்தேனுங்க. சாமிக்குன்னு வாங்குனது…" என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு பையை அவிழ்த்தார். "அதுக்கென்ன. இந்தா சாமி, எடுத்துக்க."

அக்கா வெல்லத்தைப் பஸ்ஸின் இரும்புப் படியில் தட்டி உடைத்து, தூளை அப்பாவின் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். போலீஸ்காரர் குனிந்து அப்பாவின் வாயை மோந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிற ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்பா கண் திறந்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் டிக்கெட் வாங்கியாச்சா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அந்தத் திருச்செங்கோட்டு அம்மாள் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் காணவில்லை. தேடிப்போனேன். பின்பக்கம் துவைக்கிற கல்லின் மறைவில் பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பற்கள் தந்தியடித்தன. "அம்மாகிட்டச் சொல்லாதே" என்றாள். சொல்லவில்லை.

சொல்லாமலிருப்பதில் நான் கெட்டிக்காரி. இனி வருவதை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து. பங்குக் கோயிலிலிருந்து பெண் பிள்ளைகளை மூன்று நாள் தியானத்துக்கு ஏற்காடு கூட்டிப்போனார்கள். தியானம் என்று பெயர். மலை, ஏரி, இரவெல்லாம் கூடிப் படுத்துப் பேசலாம் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய ஆசை. அக்கா வாய்திறந்து எதையும் கேட்டவள் இல்லை. அதை மட்டும் கேட்டாள். அப்பா உடனே சரி என்றார். ஊசி போடும் வேலை எனக்கு வந்தது. ஒரு வாரம் கத்திரிக்காயில் பழக்கினாள். நன்றாகவே குத்தினேன். "போயிட்டு வாரேன், பத்திரம்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சாயங்காலம் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை அம்மா மில்லுக்குப் போய்விட்டாள். தண்ணீர் கொதித்தது. மருந்தைச் சரியான கோடுவரை இழுத்தேன். அப்பா கையை நீட்டி, கண்ணை மூடி ஜெபம் தொடங்கினார். கத்திரிக்காய்க்கு மூச்சு கிடையாது. அப்பாவின் கை சூடாக இருந்தது. என்னால் முடியவில்லை. ஜெபம் முடியப்போகிறது. மருந்தை அடுப்புச் சாம்பலில் பீய்ச்சிவிட்டு, அவர் கையில் நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அப்பா கண் திறந்தார். "அட, உங்க அக்காவைவிட உன் கை மெதுவா இருக்கே!" என்றார்.

அதற்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வேன்? இரண்டாம் நாளும் அப்படியே செய்தேன். மூன்றாம் நாளும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா ஏற்காட்டிலிருந்து திரும்பினாள். கையில் எனக்கென்று ஒரு காகிதப் பொட்டலத்தில் பேரிக்காய் இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் அழுகின பழ வாடை அடித்தது. அது அப்பாவின் மூச்சு. அவர் காலையிலிருந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். இப்போது கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நீல மருந்தில் அக்கா அவருடைய சிறுநீரை விட்டுச் சூடாக்கினாள். நீலம் ஒரு நொடியில் செங்கல் நிறமானது. "ஊசி போட்டியாடி?" என்று என் தோளை உலுக்கினாள். "போட்டேன்" என்றேன். அவள் ஓடிப்போய்ப் பானைக்குள் கைவிட்டாள். மணல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் தெளிக்க நானும் மறந்திருந்தேன், அம்மாவும் மறந்திருந்தாள்.

அந்த மணலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நிற்பை இன்னும் பார்க்கிறேன். "மருந்து கெட்டுப்போச்சு. தண்ணி தெளிக்கணும்னு நான் சொல்லிட்டுப் போகலையே" என்றாள்.

அப்பாவின் பஸ் டிரைவர் மாணிக்கம், ஆள் ஏற்றாமல் பஸ்ஸைத் திருப்பி, அப்பாவை நேராக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு நாள் அப்பாவுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லோரும் பார்க்க அம்மா அக்காவை அறைந்தாள். "ஏற்காடு கேக்குதா உனக்கு? ஏற்காடு!" அக்கா கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில் நின்று, அவள் கொண்டுவந்த பேரிக்காயைக் கையில் வைத்திருந்தேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். இன்னும் எட்டு வருடம் இருந்தார். அந்த எட்டு வருடத்தில் அக்கா ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும், அவள் கை நேர்த்தியைப் பார்த்த கன்னியாஸ்திரிகள் வெளியூரில் நர்சுப் படிப்புக்கு இடம் பிடித்துக்கொடுத்தார்கள். "வேண்டாம் சிஸ்டர். நான் போனா மருந்து கெட்டுப்போயிடும்" என்றாள். அவர்களுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

அப்பா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அக்கா பானையிலிருந்த மணலை முற்றத்தில் கொட்டினாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினெட்டு. அந்த மணலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாம்பல், கிள்ளு, மூன்று நாள்.

என்னை மன்னித்து அணைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அணைக்கவில்லை. வெறும் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு வருடம் அவள் என்னென்ன விட்டுக்கொடுத்தாள் என்று அந்தப் பதினொரு நாளில்தான் நானும் எண்ணிப்பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் நான் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு அப்ப என்ன வயசு?"

"பத்து."

"எனக்கு?"

"பதினாலு."

அவள் வெகுநேரம் கடலைத் தோலைக் கையில் நொறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் இத்தனை நாளும் உன்மேலதான் கோவமா இருக்கேன்னு நெனச்சேன்டி. அது இல்லை. அன்னைக்கு அந்த ஊட்டுல தப்பு பண்ணின பெரிய மனுசி நானா நீயான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசியில பாத்தா, அங்க பெரிய மனுசியே இல்லை. ரெண்டும் புள்ளைங்கதான்" என்றாள். பிறகு அழுதாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளாமல், என் எதிரிலேயே, வாய்விட்டு. அம்மாவை அவள் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. "அவளும்தான் என்ன செய்வா? மில்லுக்குப் போகலைன்னா மருந்து ஏது?" என்றாள்.

நர்சுப் படிப்புக்கு அதற்குள் வயது தாண்டிவிட்டது. வேலூரில் கல்யாணம் ஆனது. அத்தான் நல்ல மனிதர். அவள் சிரித்த வருடங்கள் நிறையவே உண்டு. அம்மாவைக் கடைசிக் காலத்தில் தன்னோடு வைத்துக்கொண்டதும் அவள்தான். ஏற்காட்டைப் பற்றி மட்டும் நாங்கள் பிறகு பேசியதே இல்லை.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது, செல்வி என்று ஒரு பெண் என் கூடவே நடந்துவந்தாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். அக்கா வீட்டுத் தெருவிலேயே வளர்ந்தவளாம். அவளுடைய அம்மாவுக்குக் கைகால் மூட்டெல்லாம் முடங்கிப்போகிற வியாதி. எட்டு வயதிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டது செல்விதான்.

"தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அத்தை எங்க ஊட்டுக்கு வந்துருவாங்க. எங்கம்மா கட்டிலுகிட்ட உக்காந்துக்கிட்டு, 'ஆறு மணி வரைக்கும் உங்கம்மா எம் பொறுப்பு. நீ போயி வெளையாடு சாமி'ம்பாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியாதுங்க. வாசல்லயே நிப்பேன். வெளையாட்டே மறந்துபோச்சுங்க எனக்கு. ஒருநா அத்தை எங்கம்மா கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுட்டு, தெருவுல கரிக்கட்டியால கட்டம் கிழிச்சாங்க. சேலையைத் தூக்கிச் சொருகிட்டு, ஒத்தக் கால்ல நொண்டி நொண்டிப் பாண்டி ஆடிக் காட்டுனாங்க. கோட்டை மிதிச்சுட்டு மிதிக்கலைன்னு சண்டைக்கு வந்தாங்கங்க! எங்கம்மா சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன்."

அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை சில உண்டு. அவளுடைய ஜெபமாலையைச் சேவியர் எனக்குத் தந்திருக்கிறான். ஒரு பழைய சேலையை நானே கேட்டு வாங்கிவந்தேன். ஆனால் நான் வைத்துக்கொள்ளப் போவது, நான் பார்க்காத அந்தச் சாயங்காலத்தைத்தான். எழுபது வருடத்துக்கு மேல் அவளுக்குத் தங்கையாக இருந்திருக்கிறேன். அவள் விளையாடி நான் பார்த்ததில்லை. வேலூர்த் தெருவில், ஐம்பது வயதில், சொருகின சேலையோடு ஒற்றைக் காலில் என் அக்கா நிற்கிறாள். கோட்டை மிதித்திருக்கிறாள். மிதிக்கவே இல்லை என்று சாதிக்கிறாள்.